மூன்று முடிச்சு போட்ட பென்டிரைவ்

மீட்டர்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதியே ரிட்டயர் ஆன மனுஷர். வேலை பார்த்த காலத்திலிருந்தே, சாயங்காலமானால் கண் போன மனைவிக்குக் கதை படித்துக் காட்டுவார். அந்தப் பாழாய்ப்போன கட்டி அவர் தொண்டையில்தானா வரவேண்டும்? ஆபரேஷனுக்கு அப்புறம் பேச்சே வராது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

ஒரு மாசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்து, மூன்று பென்டிரைவில் கதைகளைப் பதிந்து வைத்தார். மனைவி தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க, நூல் கட்டி ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. வீட்டில் இருந்தது லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும், அதுவரைக்கும் நல்லது. பென்டிரைவைச் செருகினால் மட்டும் எனக்கென்ன என்று கிடக்கும். கட்டளை அடித்து மவுண்ட் செய்தால்தான் திறக்கும். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பதினைந்து நாளும் அதை யார் அடிப்பது? பிள்ளைகுட்டியும் கிடையாது.

இணையத்தில் துழாவி, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது படிக்கிற கோப்பு ஒன்றில் மூன்றுக்கும் மூன்று வரி எழுதினார். மூன்றையும் செருகி ஆன் பண்ணினால் தானாகவே திறந்துகொண்டன. பத்துத் தடவை சோதித்துப் பார்த்தார். வரிக்கு வரி இன்னொரு சொல்லையும் சேர்க்கச் சொல்லி யாரோ எழுதியிருந்தார்கள். நன்றாகத்தானே ஓடுகிறது, இது எதற்கு வேறே என்று விட்டுவிட்டார். மனுஷர் கோட்டை விட்டது அங்கேதான்.

அட்மிட் ஆகிற அன்று மூன்று முடிச்சு பென்டிரைவை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதில் கடைசிக் கதைக்கு முடிவு பாக்கி. வார்டில் படித்துப் பதிந்துவிடலாம் என்று நினைப்பு. எங்கே விட்டார்கள்? டெஸ்டு டெஸ்டு என்று அலைக்கழித்ததிலேயே பொழுது போய்விட்டது.

மறுநாள் காலை, தியேட்டருக்குக் கூப்பிடப் போகிற நேரத்தில் மனைவி ஃபோன் பண்ணினார்.

"ஏங்க, ஆன் பண்ணி அரைமணி நேரமாச்சு. வாயே திறக்க மாட்டேங்குது."

தலையணைக்கு அடியில் தடவினார், மூன்று முடிச்சும் கையில் பட்டன. ஒன்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ பாட்டுக்கு எழுந்திரு என்று மெஷினுக்குச் சொல்லத்தான் அன்றைக்கு அவர் சேர்க்காமல் விட்ட அந்தச் சொல். அது இல்லாததால், கையிலிருக்கும் இந்தப் பென்டிரைவைத் தேடித் தேடி, பாதியிலேயே நின்றுவிட்டது. இப்போது புரிந்து என்ன பிரயோசனம்? வேறு ஏதாவது கோளாறாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. பதற்றத்தில் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டார்.

"திரையில என்னம்மா எழுதியிருக்கு?"

"அதை நீங்கதானே எனக்குப் படிச்சுச் சொல்லணும்," என்றார் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை.

பதில் சொல்வதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. நர்ஸ் ஃபோனை வாங்கி அணைத்தார். இத்தனை வருஷம் படித்துக் காட்டியவரின் வாயிலிருந்து அவர் மனைவி கடைசியாகக் கேட்டது அந்தக் கேள்விதான்.