பதினோரு நிமிட கேசட்

என் வீட்டில் ஒன்பது வீடியோ டெக் இருக்கின்றன. ஓட்டைப் பெட்டிகள் அல்ல. நாலு ஹெட், ஹை-ஃபை ஸ்டீரியோ, படத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தும் வட்டத் திருகு என்று ஒரு காலத்தில் ஸ்டுடியோக்காரர்களும் துபாய்க்குப் போய் வந்தவர்களும் மட்டுமே வைத்திருந்த உயர்ரக யந்திரங்கள். ராஜபாளையத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி இதையெல்லாம் ஏன் சேர்க்கிறாள் என்று கேட்பவர்களிடம் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுவேன். பொய். இது கோபத்தில் ஆரம்பித்தது.

என் கல்யாண கேசட் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் வீட்டில்தான் இருந்தது. என் கணவரின் அக்கா. எங்களிடம் அப்போது டெக் கிடையாது, அவள் வீட்டில் இருந்தது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் என் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, அவர் நடமாடுவதைப் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறிப் போனேன். கேசட்டைப் போட்டால் டிவி சீரியல் ஓடியது. ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கடைசிவரை சீரியல்தான், நடுநடுவே சோப்பு விளம்பரம்.

"புது கேசட்டுன்னு நெனச்சுட்டேன். தெரியாம நடந்துபோச்சு" என்றாள்.

கேசட்டின் முதுகில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதையும் பதிவு செய்ய முடியாது. வீடியோக்காரர் சொல்லி நானே என் கையால் உடைத்திருந்தேன். அந்தப் பள்ளத்தை எதையாவது வைத்து அடைத்தால்தான் டெக் ஏமாறும். செலோடேப் ஒட்டி அடைத்திருந்தாள்; ஓரத்தைக் கத்தரியால் ஒழுங்காக வெட்டி, நகத்தால் நீவி. தெரியாமல் செய்கிறவள் இத்தனை பாடுபடுவாளா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். என் கணவர் அதன்மேல் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டார். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விடு" என்பார் இன்றுவரை. எனக்கு ஆறவில்லை.

நல்ல டெக்காக இருந்தால் சீரியலுக்கு அடியில் அப்பா தெரிவாரோ என்ற பைத்தியக்கார ஆசையில்தான் முதல் யந்திரத்தை வாங்கினேன். தெரியவில்லை. அதைவிட உசத்தியாக ஒன்று, அதையும்விட உசத்தியாக, மதுரையில் மூடிய ஒரு ஸ்டுடியோவிலிருந்து இன்னொன்று. மூன்றாவதோடு புரிந்துவிட்டது, அழித்தது அழித்ததுதான். ஆனால் அதற்குள் கை பழகிவிட்டது. ஹெட்டைத் துடைக்கவும், பெல்ட் மாற்றவும், பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யவும் கற்றுக்கொண்டேன். இப்போது சேத்தூரிலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் பழைய கேசட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எல்லாருக்கும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும், ஒரு நாள் அவளும் வருவாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன தை மாதம் வந்தாள். அவள் கணவர் இறந்து ஆறு மாதமாகியிருந்தது. மஞ்சள் பைக்குள், துணியில் சுற்றி, அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேச கேசட்.

"மதுரை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிட்டேன். பூஞ்சை, ஓடாதுன்னுட்டாங்க. அவிய பேசுறது இதுல மட்டுந்தான் இருக்கு. நீதான் பாக்கணும்."

"அன்னைக்கு செலோடேப் ஒட்டினதும் தெரியாமத்தானா மதினி?"

காலி மஞ்சள் பையை மடியில் வைத்து நாலாக மடித்தாள்.

"ஆடிப்பூரத்துக்கு வீடு நெறய ஆளு. உக்காந்து பாக்க முடியல. சீரியலோ கடைசி வாரம், வேற கேசட்டும் இல்ல. உங்கப்பா அம்புட்டு சீக்கிரம் போவாருன்னு எனக்குத் தெரியுமா?"

இத்தனை வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த உண்மை அது. கேட்டால் மனசு இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை, இன்னும் கொதித்தது. ஒரு சீரியலின் கடைசி வாரத்துக்கு என் அப்பாவைக் கொடுத்திருக்கிறாள்.

நாலு நாள் பூஞ்சையைத் துடைத்து, இருப்பதிலேயே உசத்தியான டெக்கில் போட்டேன். பதினோரு நிமிடம் தேறியது. வாசல்படியில் நின்றுகொண்டு அவள் கணவர், "ஏட்டி, இங்க வா" என்று இரண்டு தடவை கூப்பிடுகிறார். தெளிவான குரல். அன்றைக்கே பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். அது என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அவளிடம் சொன்னது வேறு.

"நாடா நைஞ்சுபோச்சு மதினி. பென்டிரைவுல ஏத்த ஏலாது. என் டெக்குல மட்டுந்தான் ஓடும். பாக்கணும்னா இங்க வாங்க."

வெள்ளிக்கிழமைதோறும் வருகிறாள். மூட்டுவலிக்காரி, பஸ் படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்குவாள். பால்கோவா கொண்டுவருவாள், வாங்கி வைத்துக்கொண்டு டீ கொடுப்பேன். மரியாதையில் குறை வைப்பதில்லை. நான் செய்வது பாவம் என்று எனக்குத் தெரியும். ருசியாகவும் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அவர் திரையில் "ஏட்டி, இங்க வா" என்றதும், இவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "இந்தா வாரேன்" என்றாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை. என் அப்பா என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சொல்லும் குரல் மறந்துபோய்ப் பல வருஷமாயிற்று.

அவள் கணவர் இரண்டாம் தடவை கூப்பிட வாயைத் திறந்தார். ஸ்டாப் பட்டனை அழுத்தினேன்.

"இன்னைக்கு இது போதும் மதினி. நாடா தேஞ்சிரும்."