தொடலாம் என்று எழுதிய மேசை

ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தில் ஏழு வருடமாகக் காவல் வேலை செய்கிறேன். எகிப்து அறையில், கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ‘தொடலாம்’ என்று எழுதிய மேசை ஒன்று உண்டு. அதில் ஒரு மரக்குழல் கிடக்கும். பழைய கல்லறையொன்றில் கிடைத்த நாணற்குழலைப் பார்த்துச் செய்த நகல்.

பக்கவாதம் வந்த பிறகு என் கணவருக்குப் பேச்சு வரவில்லை. நாங்கள் சொல்வதும் பாதிதான் அவருக்கு விளங்கும். முன்பு தேவாலயத்தில் கிளாரினெட் வாசித்தவர். அவருக்கு அந்தக் குழலைக் காட்டலாம் என்று, எனக்கு வேலையில்லாத ஒரு ஞாயிறு, நாங்கள் இருக்கும் புருசெத்திலிருந்து டி-பான என்கிற சுரங்க ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன்.

குழலைக் கண்டதும் முகம் மாறியது. நான் தடுப்பதற்குள் இடது கையால் எடுத்து வாயில் வைத்து ஊதினார். சத்தமில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல விலகிப் போனார்கள்.

வாங்கிப் பார்த்தேன். உள்ளே துளையே இல்லை. விரல் வைக்கும் இடங்களும் வெறும் குழிகள். பார்வைக்கு மட்டும் செய்த கட்டை. இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் நான் அதன் வாயைப் பார்த்ததில்லை.

“இஞ்சேருங்கோ, இதுக்குள்ளை ஓட்டை இல்லை. ஆர் ஊதினாலும் சத்தம் வராது. உங்களிலை பிழையில்லை.”

கொண்டை ஊசியை எடுத்துக் குத்திக் காட்டினேன். அவர் ஊசியைப் பார்க்கவில்லை. தன் வாயைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணீர் வந்தது.

மறுநாள் அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம், ஊத முடியாது என்று ஒரு வரி சேர்த்து எழுதலாமா என்று கேட்டேன். நகல் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறதே, வாயில் வைப்பதற்கு அல்லவே அது என்று அன்பாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை.

வீட்டில், தண்ணீர்க் கோப்பைக்குள் உறிஞ்சுகுழாயை வைத்து ஊதுகிற பயிற்சி ஒன்று என் கணவருக்கு உண்டு. அந்த ஞாயிறுக்குப் பிறகு அதைச் செய்ய மறுக்கிறார். மகள் கெஞ்சிப் பார்த்தாள். நானே ஊதிக் குமிழி விட்டுக் காட்டினேன். “ஒருக்கா ஊதுங்கோ, எனக்காக” என்றேன். உதடுகளை இறுக மூடிக்கொண்டு, கோப்பையை என் பக்கமாகத் தள்ளிவிட்டார்.