ஒரு வார மாமியார்

மீன்குஞ்சுப் பண்ணையில் அவளுக்குத் தொட்டி கழுவுகிற வேலை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், நுண்ணோக்கியைத் துடைத்து வைக்கச் சொன்னார் மேலாளர். துடைத்தாள். பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! அன்றிலிருந்து தினமும் குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை. எது எதை விரட்டுகிறது, எது எதை விழுங்குகிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. செருப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போவதற்குச் செருப்பு, நெற்றியில் ஒரே கண் உள்ளதற்கு ஒத்தைக்கண்ணன் என்று பெயரும் வைத்திருந்தாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைக் ‘கண்ணாடியம்மா’ என்று கேலி செய்தார்கள். செய்யட்டுமே.

இந்த வருஷம் பொரித்த குஞ்சுகள் இரண்டு தடவையும் மூன்றே நாளில் செத்து மிதந்தன. அடுத்ததும் போனால் பண்ணையை மூடிவிடுவார்களாம். மூன்றாம் தடவை பொரித்ததும் ஒரு குஞ்சைத் தொட்டி நீரோடு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். அடப்பாவி! ஒத்தைக்கண்ணன் குஞ்சின் வாலைக் கவ்வி உலுக்கிக்கொண்டிருந்தான்.

மேலாளரிடம் ஓடினாள்.

“சும்மா இரும்மா. அது குஞ்சு திங்கிற தீனி. அதுக்குத்தானே குளத்துத் தண்ணி விடுறோம்?”

“வளர்ந்த குஞ்சுக்குத் தீனி சார், பிறந்த குஞ்சுக்கு எமன். மாமியாருக்கு ஒரு காலம், மருமகளுக்கு ஒரு காலம். முதல் ஒரு வாரம் இவன்தான் மாமியார். வந்து பாருங்க.”

மேலாளர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து குனிந்தவர், நிமிர்ந்தபோது சிரிக்கவில்லை.

அன்றே குளத்துத் தண்ணீர் வரும் குழாய் வாயில் நெருக்கமான வலைத்துணி கட்டினார்கள். அதற்குள் புகுந்து வந்த செருப்பு மாதிரிப் பொடிசுகளே குஞ்சுகளுக்குப் போதுமானதாக இருந்தன. ஒரு வாரம் மூன்று வேளையும் துணியை அவளே அலசிக் கட்டினாள், வேறு யாரையும் தொடவிடவில்லை. எட்டாம் நாள் அவளே அதை அவிழ்த்து, ஒத்தைக்கண்ணனை உள்ளே விட்டாள்.

பன்னிரண்டாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து, “நீயே பாரும்மா” என்றார். குஞ்சின் கண்ணாடி வயிற்றுக்குள் அந்த ஒற்றைக் கண், சிவப்புப் புள்ளியாக.

“மருமக காலம் வந்திடுச்சு சார்!”

பதிவேட்டில் ‘பார்வையிட்டவர்’ என்ற கட்டத்தில் எப்போதும் அவர் கையெழுத்துதான். இன்றைக்குப் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போட்ட கையெழுத்து, கட்டம் போதாமல் பக்கத்துக் கட்டத்திலும் ஏறிப்போயிற்று.