கோட்டைக்குப் போன நாள்

காலாண்டு விடுமுறைக்கு வெளியூர் போகவில்லை. செஞ்சியிலேயே, வீட்டிலும் ஊரைச் சுற்றியும் நான்கு நாள் கொண்டாடுவதென்று முடிவு செய்தோம். மகள் யாழினி தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்: மொட்டை மாடியில் சாப்பாடு, பனமலை ஏரி, கோட்டை. அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்து நல்லெண்ணெய் வாசனை எழுந்தது.

என் ஒன்பது வயதில், இதே வாசனையடித்த தூக்கோடுதான் நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, அம்மாவையும் தம்பியையும் என்னையும் கோட்டைக்கு அழைத்துப்போனார். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், எங்களுக்காக அன்று கடையை அடைத்திருந்தார்.

"தம்பி கைய உட்டுடாத," என்று என்னிடம் சொன்னார்.

குரங்கு ஒன்று தூக்கைப் பிடுங்க வந்தது. பயத்தில் கையை விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நாலு வயதுத் தம்பி குமாரைக் காணோம்.

கடையில் ஒருநாளும் குரல் உயர்த்தாத நைனா, அவன் பெயரைக் கத்திக்கொண்டே வெறுங்காலோடு ஓடினார். அம்மா கோட்டைக்குள் இருந்த குளத்துத் தண்ணீரையே பார்த்து நின்றாள். எனக்கு அழவும் பயமாக இருந்தது. கடைசியில் நெற்களஞ்சியத்து இருட்டுக்குள், எதிரொலி கேட்டுச் சிரித்தபடி நின்றிருந்தான் குமார்.

நைனா என்னை அடிக்கவில்லை. "உன்ன நம்பி உட்டேன் பாரு," என்றார். அப்புறம் எங்களை எங்கேயும் அழைத்துப்போகவேயில்லை.

"அம்மா, கோட்டையில தம்பிய நான் பாத்துக்கவா?" என்று நோட்டிலிருந்து நிமிர்ந்து கேட்டாள் யாழினி. அவளுக்கும் ஒன்பது வயதுதான்.

"வேணாம்மா," என்றேன். "அவன நானும் அப்பாவும் பாத்துக்குறோம். நீ ஓடி வெளையாடு."