பாவின் மேல் கவிழ்ந்த டிரோன்

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். மாடிப்படியில் நின்று நான் முதலில் பார்த்தது, தெருவில் இழுத்துக் கட்டியிருந்த அரக்கு நிறப் பாவின் மேல் கவிழ்ந்து கிடந்த டிரோனைத்தான். அதன் நான்கு விசிறிகளும் பட்டு இழைகளுக்குள் புதைந்திருந்தன. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பாவு, அதாவது தறியில் ஏற்றப்போகும் நீளவாக்கு இழைகள், கீழ்வீட்டுப் பெண்ணுடையது. அவரும் கணவரும் தறி நெய்கிறவர்கள். நான் அவர்கள் மாடியில் வாடகைக்கு இருப்பவள். மூன்று கல்யாணப் புடவைகளுக்கான இழைகள் அந்த ஒரே பாவில் இருந்தன. தெருநீளத்துக்குக் கட்டிக் கஞ்சித் தண்ணீர் தடவி, இழை பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். பக்கத்து வீட்டார் நான்கு பேர் அதற்காக வந்திருந்தார்கள்.

டிரோன் அந்தப் பெண்ணின் கணவருடையது. கல்யாண வீடியோ எடுக்கலாம் என்று பழையதாக வாங்கியது. பத்திரிகையில் பிழை திருத்தி வந்தவள் என்பதால் கையேட்டை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மடிக்கணினியில் அதன் அமைப்புகளை மாற்றிக் கொடுத்தது நான்தான்.

முந்தைய நாள் பிற்பகல் நானும் அவரும் ஓரிக்கைக்குப் போய்ப் பாலாற்று மணலில் அதை வேண்டுமென்றே கவிழ்த்தோம். கவிழ்ந்த டிரோன் தானே நிமிர, ஒரு பக்கத்து மோட்டார்கள் மட்டும் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அதற்கென்று ஒரு சுவிட்ச் ஒதுக்கினேன். முதல் முறை மணலைத் தோண்டியதோடு சரி. மோட்டாருக்கு உத்தரவு போகும் முறை பழையது, அதில் எதிர்ச்சுற்று கிடையாது. அதை மாற்றினேன். இரண்டாம் முறை முன் மோட்டாருக்குப் பதில் பின் மோட்டார் சுற்றியது. வரிசை எண்களைச் சரிசெய்தேன். மூன்றாம் முறை டிரோன் ஒரு துள்ளு துள்ளி நேராக உட்கார்ந்தது. அவர் கைதட்டினார்.

"இனிமே விழுந்தா இன்னாக்கா? அதுவே எழுந்துக்கும்" என்றார்.

அந்தத் தைரியத்தில்தான் காலையில் மனைவியின் பாவை மேலிருந்து படமெடுக்கப் பறக்கவிட்டிருக்கிறார். உயரத்தில் போனபோது ஒன்றும் ஆகவில்லை. இன்னும் தாழ இறக்கியபோது கேபிள் டிவி ஒயரில் உரசியது.

நான் தெருவுக்கு இறங்கியபோது அவர் மோட்டாரை நிறுத்தியிருந்தார். கட்டை விரல் மட்டும் பக்கத்துச் சுவிட்சை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நான் ஒதுக்கிய சுவிட்ச்.

"யோவ், கைய எடு!" என்றார் மனைவி. "அது சுத்துனா மொத்த பாவும் போயிடும்யா. ஒரு இழை மாட்டுனா பக்கத்துல இருக்கறதெல்லாம் சேத்து இழுத்துக்கும்."

விரல் நின்றது.

"இன்னாபா, பெரிய கொசுவா இருக்குது" என்றார் பாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர். யாரும் சிரிக்கவில்லை. "சரி, விட மாட்டேன், புடிச்சுக்கினு இருக்கறேன்" என்றார் அவரே.

பேட்டரியைப் பிடுங்கலாம் என்றேன். பேட்டரி மேல்பக்கத்தில் கட்டப்படுவது. கவிழ்ந்ததால் அதுவும் இழைகளின் மேல்தான் கிடந்தது. ரிமோட்டை அணைத்துவிடலாமா என்று கேட்டார் கணவர். சிக்னல் அறுந்தால் டிரோன் என்ன செய்யும் என்பதை நாங்கள் சோதித்திருக்கவில்லை. வேண்டாம் என்றேன். அவர் ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

மனைவி குனிந்து பாவின் அடியில் பார்த்தார். விசிறிகளைப் பிடித்திருந்த நான்கு நட்டுகளும் இழைகளுக்கு நடுவே கீழே எட்டிப் பார்த்தன.

"நீ கீழ படு. நான் இழைய ஒதுக்கறேன். நீ கழட்டு."

அவர் ஸ்பேனருடன் தார் ரோட்டில் மல்லாந்து படுத்தார். மனைவி கஞ்சித் தண்ணீரில் விரலை நனைத்து, முதல் நட்டைச் சுற்றியிருந்த இழைகளை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்தார். தறியில் அறுந்த இழையைத் தேடும்போது செய்வதைப் போலவே கண்ணை எடுக்காமல் செய்தார். நட்டு அவர் கணவரின் மார்பில் விழுந்தது.

"மெதுவா."

"மெதுவாதாம்மா பண்றேன்."

"நேத்து கைதட்டுனப்ப இந்த மெதுவு எங்க போச்சு?"

நான் ரிமோட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவிட்ச் இருந்த பக்கம் விரல் படாமல் பார்த்துக்கொண்டேன். கீழே படுத்திருந்தவருடைய பத்து விரல்களும் மோட்டார்களுக்கு அடியில் இருந்தன.

நான்காவது நட்டு கழன்றதும் நேராக மேலே தூக்கச் சொன்னார் மனைவி. எதிர்வீட்டுக்காரர் இரண்டு கைகளாலும் டிரோனைத் தூக்கினார். நான்கு விசிறிகளும் இழைகளிலேயே தங்கின. அவற்றை மனைவி ஒவ்வொன்றாகச் சரித்து எடுத்தார். நான் பேட்டரியைப் பிடுங்கினேன்.

பதினான்கு இழைகள் அறுந்திருந்தன. மனைவி அவற்றை முடிச்சுப் போட்டு இணைத்தார். அதுவரை யாரும் முனையை விடவில்லை. வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பாதி இறங்கியபோது பாவைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் கணவர் மாடிக்கு வந்தார். மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார்.

"அந்தச் சுவிட்ச எடுத்துடுக்கா."

"மணல்ல உதவுமே?"

"இருந்தா கை தானா அதுக்குப் போவுது."

எடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கை மணலில் டிரோன் மறுபடியும் கவிழ்ந்தது. அவர் நடந்துபோய் எடுத்துக்கொண்டு வந்தார்.