பூசிங் என்று மகள் அனுப்பினாள்

மலேசியாவின் தெற்குக் கோடி ஜொகூர் பாருவிலிருந்து வடக்குக் கோடி பெர்லிஸ் வரைக்கும் சைக்கிளில் போகப் போவதாக தர்மா சொன்னபோது, வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஐம்பத்தாறு வயது. ஈப்போ புந்தோங்கில் வீடு வீடாக கேஸ் தோங், அதாவது சிலிண்டர், சுமந்து போடுகிறவன். அவனுக்கு எதற்கு இந்த வேலை?

"டயாலிசிஸ் சென்டருக்கு இன்னொரு மெஷின் வேணும்ணே. நான் மிதிச்சா நாலு பேரு குடுப்பாங்க" என்றான்.

"குடுக்கிறவன் நீ வீட்டுல படுத்திருந்தாலும் குடுப்பான்லா" என்றேன். காதில் வாங்கவில்லை. கடைசியில் பள்ளி விடுமுறையில் என் ஸ்கூல் வேனை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஊர்ந்து போனவன் நான்தான். ஜெயபாலன், பக்கத்து வீட்டுக்காரன். வேறு என்ன தகுதி வேண்டும்?

குழப்பம் பேனரிலேயே தொடங்கிவிட்டது. 'தர்மா சைக்கிள் பயணம்' என்று எழுதிக் கொடுத்தோம். அச்சடித்தவன் துணைக்காலை விழுங்கிவிட்டான். 'தர்ம சைக்கிள் பயணம்' என்று வந்தது. சிரம்பானில் ஒரு அம்மா வேனை மறித்து, "எங்க பையனுக்கும் ஒரு சைக்கிள் தர்மம் பண்ணுங்கய்யா" என்று கேட்டார். இல்லையம்மா, இது வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கே எது எதற்காக என்று மறந்து போனது.

தர்மா பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். கொஞ்ச காலம் பால் வெட்டினான். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிவிட்டார்கள். அவன் ஈப்போவுக்கு வந்து கேஸ் கடையில் சேர்ந்தான். மனைவி நவமணிக்கு இரண்டு கிட்னியும் போனது. ஒரே மகள் ஷர்மினி, "நான் ஒண்ணு குடுக்கிறேன்" என்று முன்னால் வந்து நின்றாள். டாக்டரும் சரி என்றார். தர்மாதான் ஒற்றைக்காலில் நின்றான். கல்யாணம் ஆகாத பிள்ளை உடம்பில் கத்தி வைக்க விடமாட்டேன் என்றான். நவமணியும் அவன் பக்கமே பேசினாள். அடுத்த வருஷம் அவள் போய்விட்டாள்.

கருமாதி முடிந்த கையோடு ஷர்மினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று வருஷம் பேச்சு மூச்சு இல்லை. வடக்கே தைப்பிங்கில் வேலை செய்கிறாள் என்று யாரோ சொன்னதை இவன் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் செய்தது சரியா தப்பா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவள் மேல் கோபம் வரும். உடனே அவளை நினைத்துப் பாவமாகவும் இருக்கும். ஆனால் இந்த மனுஷன் யாருக்காக மிதிக்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

தஞ்சோங் மாலிமைத் தாண்டிய மறுநாள் காலை, கோப்பெங்கில் முகமது இப்ராஹிம் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தோம். முந்தின இரவு அவன் மகளுக்கு ஒரு செய்தி போட்டிருந்தான். 'ஈப்போ கிட்ட வந்துட்டேன்மா. அப்பா உன்னை வந்து பார்க்கலாமா, வேணாமா? ஒரே ஒரு வார்த்தை சொல்லு.' சொல்லி வைத்த மாதிரி ஒரே வார்த்தைதான் பதில் வந்தது, ஆங்கில எழுத்தில். பூசிங்.

மலாயில் பூசிங் என்றால் திரும்பு. பத்து காஜாவுக்கு அந்தப் பக்கம் பூசிங் என்று ஒரு ஊரும் இருக்கிறது.

"ஊருதான்லாண்ணே. பூசிங்ல இருக்கா போல. வரச் சொல்றா" என்றான் தர்மா. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

இப்ராஹிம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "பெரிய எழுத்துல ஆரம்பிச்சிருந்தா ஊரு தம்பி. இது எல்லாமே சின்ன எழுத்தாவுல்ல இருக்கு. திரும்பிப் போன்னு அர்த்தம்."

தர்மாவின் முகம் செத்துப் போனது. எனக்கு இப்ராஹிம் மேல் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க சொந்தப் பேரையே சின்ன எழுத்துலதான் எழுதுதுங்க. நீங்க ரொட்டியைப் பாருங்கண்ணே" என்றேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

"அவகிட்டயே கேட்டுரு. எந்த பூசிங்னு" என்று தர்மாவிடம் சொன்னேன்.

"கேட்டு, அவ வராதேன்னு தெளிவா சொல்லிட்டான்னா?" என்றான்.

ஈப்போவுக்கு நேராகப் போக வேண்டியவன், சைக்கிளை பத்து காஜா ரோட்டில் விட்டான். நானும் வேனைத் திருப்பினேன். பூசிங் பெரிய ஊர் ஒன்றும் இல்லை. சீனர் கடை வரிசைகள், சந்தை, ஒரு சாலை சந்திப்பு. தர்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பஸ் நிற்கும் இடத்தில் நின்ற பெண்களை எட்டி எட்டிப் பார்த்தான். ஒரு கடைக்கார சீனர் என்ன தேடுகிறாய் என்று மலாயில் கேட்டார். மகளை என்றான். வீடு எங்கே என்றார். தெரியாது என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

ஈப்போவிலிருந்து போன் மேல் போன். வரவேற்க வந்தவர்கள் மாலையோடு வெயிலில் காத்திருந்தார்கள். இந்தா வருகிறோம், அந்தா வருகிறோம் என்று எத்தனை தடவை சொல்வது? எனக்குப் பொறுமை போய்விட்டது. பூசிங் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே அவனை நிறுத்தி, அவன் போனிலேயே ஒரு படம் எடுத்து, அவனைக் கேட்காமலே மகளுக்கு அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது. அவன் வாங்கவில்லை. நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா! பூசிங் டவுன்ல என்னப்பா செய்றீங்க?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். தர்மா போன் பக்கம் குனிந்தான். "நீதானேமா... பூசிங்னு போட்ட."

"ஐயோ! நான் தஞ்சோங் மாலிம்ல இருக்கேன்பா. இங்க கார் ஃபேக்டரியில வேலை. நீங்க வர்றத ஃபேஸ்புக்ல பார்த்துட்டு நேத்து லீவு போட்டு ரோட்டோரம் நின்னேன். அப்பான்னு கத்திக் கூப்பிட்டேன். குனிஞ்ச தலை நிமிராம மிதிச்சுப் போயிட்டீங்க."

தர்மா பெயர்ப்பலகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "அப்போ, திரும்பிப் போயிருன்னு சொல்லலையாமா?"

"என்னைத் தாண்டிப் போயிட்டீங்கப்பா. திரும்பி வாங்கன்னு சொன்னேன்." அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது.

இவன் அழவில்லை. சைக்கிளில் ஏறினான். வந்த வழியே, தெற்கே பார்த்து மிதிக்க ஆரம்பித்தான்.

"டேய் தர்மா! ஈப்போல மாலையோட நிக்கிறாங்கடா!"

"நீங்க போய்ப் போட்டுக்குங்கண்ணே!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினான்.

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. "பெரியப்பா, அப்பா எங்க?" என்று ஷர்மினி கேட்டாள்.

"வாரான்மா" என்றேன்.