அண்ணியை அம்மா என்று கூப்பிட்ட வீடு

பெங்களூர் நீலசந்திராவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணி நின்ற நிற்பு இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நான் பொம்மசந்திரா ஃபாக்டரியில் என் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ தினம் பொம்மசந்திரா போற தம்பி. அதே ரோட்டுல இன்னும் கொஞ்சம் போனா எங்க ஊரு. கனடாவுலருந்து இவ்ளோ தூரம் வந்துட்டேன், கிருஷ்ணகிரிக்குப் போக முடியல பாரு." அன்றைக்கு கிருஷ்ணகிரியில் அவருடைய உடன்பிறந்த தம்பிக்குக் கல்யாணம்.

அண்ணனும் அண்ணியும் கனடாவுக்குப் போய் அந்த நாட்டுக் குடிமக்களாகவே ஆகிவிட்டவர்கள். அண்ணன் வெல்டர், அண்ணி முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். பிள்ளை இல்லை. பெங்களூரில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து பெண் குழந்தையைத் தத்தெடுத்துப் போக வந்திருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முதலில் கோர்ட் உத்தரவு, பிறகு குழந்தைக்கு பாஸ்போர்ட், அதற்குப் பிறகு விசா. உத்தரவு வரும்வரை குழந்தையை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கர்நாடக எல்லையைத் தாண்டக் கூடாது என்று இல்லத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு எல்லை என்றால் ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி செக்போஸ்ட். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்றுதான் வந்தார்கள். கோர்ட்டுக்கு விடுமுறை வந்தது. விடுமுறை முடிந்தபோது ஜட்ஜ் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். லீவு தீர்ந்து அண்ணன் திரும்பிப் போய்விட்டார். அண்ணிக்கும் குழந்தைக்கும் எங்கள் முன்னறைதான் உலகம் என்றாயிற்று.

குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் மட்டும் கல்யாணத்துக்குப் போய்வாருங்கள் என்று என் மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அண்ணி அசையவில்லை. "இவளை ஒரு தடவை விட்டுட்டுப் போனவங்க இருக்காங்க. ரெண்டாவது ஆளா நான் இருக்க மாட்டேன்" என்றார்.

அண்ணியின் பேச்சே அப்படித்தான், நறுக்கென்று இருக்கும். அவர் சொன்னதையெல்லாம் ஷிப்டு இடைவேளையில் சொல்லிக் காட்டி நண்பர்களைச் சிரிக்கவைப்பது என் வழக்கம். "அங்க பனி நம்மள வீட்டுக்குள்ள அடைச்சு வைக்கும், இங்க கோர்ட்டு அடைச்சு வைக்குது. பனியாவது ஏப்ரல்ல உருகிடும்" என்பார். குழந்தையைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் அதன் நிறத்தையும் மூக்கையும் ஆராய்ந்தபோது என் மனைவியிடம் சொன்னார்: "மூக்கு யாரு மாதிரின்னு கேக்கறாங்க. மூச்சு விடற மாதிரி இருக்குன்னு சொல்லி அனுப்பு." அதற்குப் பிறகு பகலிலும் கதவைச் சாத்தியே வைத்தார். இரண்டே அறை. அதில் நாங்கள் மூன்று பேர், அவர்கள் இருவர். ஒருவர் பெருமூச்சு விட்டால் எல்லோருக்கும் கேட்கும்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பெரியவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் உறவு சொல்லும். நானே என் அப்பாவைக் கடைசிவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டேன். சித்தப்பாக்கள் அப்படிக் கூப்பிட்டார்கள், எனக்கும் அதுவே நாக்கில் தங்கிவிட்டது. இரண்டு வயதுகூட நிரம்பாத அந்தக் குழந்தையும் அதையேதான் செய்தது. என் மனைவி அண்ணியை "அக்கா" என்பாள். குழந்தையும் "அக்கா" என்றது. ஐந்து வயதான என் மகள் என் மனைவியை "அம்மா" என்பாள். குழந்தையும் அவளைப் பார்த்து "அம்மா" என்றது. மழலைதானே என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அண்ணி சிரித்தாரா என்று அப்போது நான் பார்க்கவில்லை.

ஒருநாள் கோர்ட்டுக்கு அறிக்கை எழுதும் சமூக சேவகி வந்தார். கன்னடக்காரம்மா, பொறுமையானவர். பாயில் உட்கார்ந்து குழந்தையோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, "அம்மா எல்லி?" என்று, அம்மா எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். குழந்தை அந்தக் கையைத் தாண்டிக் குடுகுடுவென்று சமையலறைக்கு ஓடி என் மனைவியின் காலைக் கட்டிக்கொண்டது.

சமூக சேவகி முகத்தில் எதையும் காட்டவில்லை. வாசலில் மட்டும் என்னிடம் தமிழில் சொன்னார்: "கொழந்த யாரைத் தாயா நெனைக்குதுன்னு நான் எழுதணும். ஜட்ஜும் பார்ப்பார். இன்னொரு தடவை வர்றேன்." உள்ளே அண்ணி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கனடாவில் வேலை அவருக்காக அதிக நாள் காத்திருக்காது. இங்கே அவருடைய விசாவும் முடியப்போகிறது. அறிக்கை சரியாக வராவிட்டால் அவர் கனடாவுக்கும், குழந்தை இல்லத்துக்கும் திரும்ப வேண்டியதுதான்.

வழி கண்டுபிடித்தது என் மனைவி. "நாம அக்கா, அண்ணின்னு கூப்பிட்டா அது வேற என்னன்னு கூப்பிடும்? இனிமே அக்காவை எல்லாரும் அம்மான்னு கூப்பிடுங்க. என்னை சித்தின்னு கூப்பிடுங்க" என்றாள். அன்று முதல் நான் என் அண்ணியை "அம்மா, காபி" என்றேன். பக்கத்து வீட்டார் ஒத்துழைத்தார்கள். காய்கறி வண்டிக்காரர் எந்தச் சிரமமும் படவில்லை. அவருக்கு எல்லோருமே அம்மாதான். என் மகள்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்போ எனக்கு யாரு அம்மா?" "நானேதான், ஆனா வீட்டுக்குள்ள அப்படிக் கூப்பிடக் கூடாது" என்று என் மனைவி அவள் காதில் ரகசியமாகச் சொன்னாள். என் மகள் அவளோடு ரேஷன் கடை வரிசையில் போய் நின்றுகொண்டு, மனம்போல அம்மா அம்மா என்று கூப்பிட்டுத் தீர்க்கும்.

அதைவிடக் கொடுமை, குழந்தை அழுதால் என் மனைவி தூக்கக் கூடாது என்று அவளே வைத்துக்கொண்ட சட்டம். குழந்தை சமையலறை நிலைப்படியில் நின்று இரண்டு கையையும் தூக்கி "அம்மா" என்று கதறும். இவள் முதுகைத் திருப்பிக்கொண்டு, கொதிக்காத குழம்பைக் கிளறுவாள். நான்கடி சமையலறையில் வேறு எங்கே போய் ஒளிவது? அண்ணி வந்து தூக்கினால் குழந்தை வில்லாய் வளைந்து வழுக்கும். "அம்மான்னு ஒரு வார்த்தைக்கு ஊரையே கெஞ்ச வெச்சுட்டேன்" என்றார் அண்ணி. பிறகு குழந்தை யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது.

என் மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த ஒரு காலை. அண்ணி குளியலறையில் இருந்தார். குழந்தை வெளியே விளையாடியபடி குளியலறைக் கதவின் கீழ்த்தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டது. தள்ளத் தெரிந்ததே தவிர இழுக்கத் தெரியவில்லை. உள்ளிருந்து அண்ணி தட்ட, குழந்தை பயந்து அலறியது. அண்ணி கத்தவில்லை. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, "இங்கதான் இருக்கேன்டா, எங்கயும் போகல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். குடத்தோடு உள்ளே வந்த என் மனைவி பார்த்தது இதைத்தான்: குழந்தை இரண்டு உள்ளங்கையாலும் கதவை அறைந்து "அம்மா, அம்மா" என்று கூப்பிடுகிறது. பின்னால் வந்து நின்றவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளை நீக்க வேண்டியவள், குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாளாம். கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது என்றாள். எதற்காக அழுகிறோம் என்று தெரியாமலே அழுததாகவும் சொன்னாள்.

சமூக சேவகி மறுபடி வந்தபோது யாரும் யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஜட்ஜின் அறையில் குழந்தை கறுப்புக் கோட்டுகளைக் கண்டு மிரண்டு அண்ணியின் கழுத்தில் முகத்தைப் புதைத்தது, வெளியே வரும்வரை எடுக்கவில்லை. உத்தரவு வந்தது. அவர்கள் போனார்கள். என் மகள் வெகுநாள் பழக்கத்தில் என் மனைவியைச் சித்தி என்றே கூப்பிட்டாள். அவள் திருத்தவும் இல்லை.

பதினைந்து வயதுப் பெண்ணாக அந்தக் குழந்தை ஒரு விடுமுறைக்கு வந்தாள். அப்போது நாங்கள் வேறு வீட்டில் இருந்தோம். அண்ணியின் தமிழைவிட வேகமான தமிழ். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தான் முதன்முதலில் யாரை அம்மா என்று கூப்பிட்டோம் என்று கேட்டாள். "உங்கம்மாவத்தான். வேற யாரைக் கூப்பிடுவ?" என்றாள் என் மனைவி, சட்டென்று.

அண்ணி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "இல்லடி. மொதல்ல உன் சித்தியைத்தான் கூப்பிட்டே. அவ திரும்பிப் பார்க்காம நின்னா. அதனாலதான் நான் உனக்கு அம்மா."

என் மனைவி ரசம் எடுக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போனாள். அந்தப் பெண்ணும் எச்சில் கையோடு அவள் பின்னால் போனாள். வெகுநேரம் இரண்டு பேரும் வெளியே வரவில்லை. என்னவென்று பார்க்க நான் எழுந்தேன். "ரெண்டு பேரும் இருக்கட்டும், உட்காரு தம்பி" என்றார் அண்ணி.